செவ்வாய்க்கிழமைக்கு முந்தின நாள்

"நல்லா இருக்கீங்களா?" என்று வழியில் யாராவது கேட்டால், "ஏன், என்ன கேள்விப்பட்டீங்க?" என்று திருப்பிக் கேட்பவள் ராணியம்மாள். மொரப்பூருக்குக் கிழக்கே மல்லன்கொட்டாய் என்றொரு சின்னக் குடியிருப்பு. அவரவர் நிலத்தில் அவரவர் வீடு. ரோட்டை ஒட்டி இருந்த வீடும், அதன் பின்னால் கல் படிக்கட்டோடு இருந்த பெரிய கிணறும் அவளுடையவை. கிணற்றுக்கு அந்தப் பக்கம் அவள் நிலம், அதற்கும் அப்பால் ஓடை.

அரசாங்கம் எதைச் செய்தாலும் அதில் ஒரு கள்ளம் இருக்கும் என்பது அவள் கட்சி. சேலத்திலிருந்து தர்மபுரியைப் பிரித்துத் தனி ஜில்லா ஆக்கியபோது ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது. இவள் மட்டும், "நம்மளக் கழிச்சு உட்டுட்டாங்க" என்றாள். மைல்கல்லைப் பிடுங்கிக் கிலோமீட்டர் கல் நட்டபோது, "மூணு மைல்னு இருந்த டேசன் இப்ப அஞ்சுங்கறாங்க. ரோட்ட எதுக்கு நீட்டுனாங்க?" என்று சாலைப் பணியாளரிடமே சண்டைக்குப் போனாள். அவர் விளக்கிச் சொன்னார். விளக்கிச் சொன்னதுதான் அவள் சந்தேகத்தை இன்னும் பலப்படுத்தியது.

சும்மா சொல்லக்கூடாது, அவள் அப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. புருஷன் ஐம்பத்திரண்டாம் வருஷம் பாம்பு கடித்துச் செத்தான். மறு வருஷமே அவனுடைய பங்காளி மாரப்பன், வரப்பு சரியில்லை என்று மனுப் போட்டு, சர்வேயரைக் கூட்டி வந்தான். சர்வேயர் வந்தார், மாரப்பன் வீட்டில் சாப்பிட்டார், சங்கிலி போட்டு அளந்தார். அளந்து முடித்தபோது வரப்பு நாலு கெஜம் இவள் பக்கம் நகர்ந்திருந்தது. கைக்குழந்தையோடு நின்ற இளம் விதவையிடம் யார் கணக்குச் சொல்லப் போகிறார்கள்? அன்றைக்கு ஒன்று அவள் மனதில் ஆணியடித்த மாதிரி பதிந்தது: தன் பொருளை அளக்க வருகிறவன் அதைக் குறைக்கத்தான் வருகிறான்.

அந்தக் கைக்குழந்தைதான் தங்கம்மாள். அவள் வளர்ந்து, ஓடைக்குக் கீழ்ப்புறம் நிலம் வைத்திருந்த கோவிந்தனுக்கு வாழ்க்கைப்பட்டாள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் மகள். ராணியம்மாளுக்கு அதுவே பெரிய நிம்மதி. ஆனால் கோவிந்தன் நிலம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கடலையும் சாமையும் உண்டு. பெய்யாவிட்டால் அவன் பெங்களூருக்குப் போய்க் கட்டட வேலைக்கு மண் சுமக்க வேண்டும். மூன்றாவது வருஷமும் மழை ஏய்த்தபோது அவன் கறாராகச் சொல்லிவிட்டான்.

"அத்தை, ஒரு கெணறு வெட்டுனா இங்கயே இருப்பேன். இல்லீன்னா நெலத்த வித்துட்டுத் தங்கத்தையும் கூட்டிக்கிட்டு பெங்களூருக்கே போயிருவேன். வருசா வருசம் இவ ஒருத்திய வுட்டுட்டுப் போக என்னால ஆவாது."

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருமகன் நல்லவன் என்பதுதான் ராணியம்மாளுக்குச் சிக்கல். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டு மகளை நிறுத்திக்கொண்டிருப்பாள்.

"கெணறு வரும். என் நெலத்தையும் கெணத்தையும் ஈடு வெச்சு நெலவள பேங்க்ல கடன் வாங்கித் தரேன். கொஞ்சம் பொறு" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. தங்கத்துக்குக் கிணறு வர வேண்டும். அது வரும் வரை ஈடாக வைக்க வேண்டிய தன் கிணற்றுக்கு ஒரு கெடுதலும் வந்துவிடக் கூடாது.

இந்த நேரம் பார்த்துத்தான் எழுபத்திரண்டாம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, தோளில் தோல்பையோடு கிருஷ்ணப்பன் சைக்கிளில் வந்து இறங்கினான்.

அவன் நிலத்தடி நீர் ஆபீசில் வேலை செய்பவன். ஒல்லியான ஆள், மெதுவாகப் பேசுவான். தேர்ந்தெடுத்த சில கிணறுகளில் மாசம் ஒரு தரம் தண்ணீர் எத்தனை ஆழத்தில் நிற்கிறது என்று பார்ப்பது அவன் வேலை. ரோட்டோரம் இருப்பதாலும், கோடையிலும் வற்றாததாலும் ராணியம்மாளின் கிணற்றைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"எதுக்குங்க பாக்கறீங்க?"

"பூமிக்கடியில எவ்வளவு தண்ணி இருக்குதுன்னு சர்க்காருக்குத் தெரியணுமில்லீங்களா ஆத்தா. தெரிஞ்சாத்தான எங்க கெணறு வெட்டலாம், எங்க வெட்டக்கூடாதுன்னு சொல்ல முடியும்."

"எங்கெணத்துல தண்ணி இருக்கறது எனக்குத் தெரியும். சர்க்காருக்கு எதுக்குத் தெரியணும்?"

கிருஷ்ணப்பன் இந்தக் கேள்விக்குப் பழகியவன்போலச் சிரித்தான். அவள் மோர் கொடுத்தாள், சம்மதம் கொடுக்கவில்லை. பிறகு பஞ்சாயத்துத் தலைவர் வந்து பேசி, கிணற்று விளிம்பில் வெள்ளைப் பெயின்ட் அடித்து, அதன்மேல் சிவப்பில் ஒரு நம்பர் எழுத வைத்தார். அடுத்த நாளே ராணியம்மாள் வறட்டி தட்டும்போது, இத்தனை இடமிருக்க, சரியாக நம்பர் மேலேயே ஒன்றை அப்பினாள். கிருஷ்ணப்பன் அடுத்த மாசம் வந்தான், வறட்டியைப் பக்குவமாகப் பெயர்த்து நிழலில் வைத்தான், ஈரச் சாக்கால் நம்பரைத் துடைத்தான், வேலையைப் பார்த்தான்.  கோபப்படாத சர்க்கார் ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை. அதனால் இன்னும் பயந்தாள்.

அவன் அளக்கும் விதமும் அவளுக்குப் பிடிபடவில்லை. இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்ப்பான். கிணற்றுக்குள் விடுவான். மேலே இழுத்து, சாக்பீஸ் எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பான். முதல் தடவை அவள் டேப் நுனியை வாங்கி மோந்து பார்த்தாள்.

"மருந்தா?"

"பள்ளிக்கூடத்துச் சாக்பீஸுங்க."

"பள்ளிக்கூடத்துலருந்து எதுக்கு எடுத்துக்கிட்டு வந்தீங்க?"

 அளந்து முடித்ததும் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி கேட்பான். "நேத்து முந்தாநாளு இன்ஜின் ஓட்டுனீங்களா ஆத்தா?" ஓட்டவில்லை என்பாள். முதல் இரண்டு மாசம் அது உண்மையாகவே இருந்தது.

இனி தாவூது பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொரப்பூர் கடைத்தெருவில் ஆயில் இன்ஜினும் மோட்டாரும் ரிப்பேர் செய்கிறவர். ராணியம்மாளின் இன்ஜினைப் பூட்டிக் கொடுத்தவரும் அவரே. அவள் உலகத்தில் கொஞ்சமாவது நம்பிய ஒரே ஆண்பிள்ளை. காரணம், எந்தச் சாமானைக் கழற்றினாலும் பழையதை அவள் கையிலேயே கொடுத்துவிடுவார். ஆனால் பாயிடம் ஒரு குறை. வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. காதில் விழுந்ததையெல்லாம் விட்டுவிடுவார்.

அவள் டீசல் வாங்கப் போனபோது அளக்கிற ஆளைப் பற்றிச் சொன்னாள். பாய் ஒரு பிஸ்டனைத் துடைத்துக்கொண்டே, "டேசன்ல ரயில் இன்ஜினுக்குத் தண்ணி பத்தலைன்னு ஒரு பேச்சு இருக்குதுக்கா. நல்ல கெணறாத் தேடறாங்களோ என்னமோ" என்றார். சொன்ன அடுத்த நிமிஷமே அவர் அதை மறந்திருப்பார்.

ராணியம்மாள் மறக்கவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. ரோட்டோரக் கிணறு. வற்றாத கிணறு. நம்பர் போட்டாகிவிட்டது. இனிக் குழாய் பதிக்க வேண்டியதுதான் பாக்கி. ரயிலுக்கு எவ்வளவு கொடுத்தாலும் தாகம் அடங்காது என்பது ஸ்டேஷனில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கிணறு போனால் எதை ஈடு வைப்பது? தங்கம் போய்விடுவாள்.

அவள் அழுது புலம்புகிற ரகமில்லை. யோசித்தாள். தண்ணீர் நிறைய இருந்தால்தானே எடுப்பார்கள்?

கிருஷ்ணப்பன் ஒழுங்கான ஆள். மாசம் பிறந்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவான். அந்த ஒழுங்குதான் அவளுக்கு வசதியாகப் போயிற்று. அவன் வருவதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை விடிந்ததும் இன்ஜினை முடுக்குவாள். குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வு காற்றை உறிஞ்சிக் கொப்பளிக்கிற வரைக்கும் இறைப்பாள். தண்ணீரை வீணாக்கவில்லை, கரும்புக்குப் பாய்ச்சுகிற முறையையே அந்த நாளுக்கு மாற்றிக்கொண்டாள். இந்தக் கரட்டு மண்ணில் ஊற்று மெள்ளத்தான் வரும். வற்ற இறைத்த கிணறு பழையபடி ஏற மூன்று நாலு நாளாகும். செவ்வாய்க்கிழமை கிருஷ்ணப்பன் டேப்பை விட்டால் அது போய்க்கொண்டே இருக்கும்.

"என்னங்க ஆத்தா, இந்த மாசம் இவ்வளவு எறங்கிடுச்சு? நேத்து இன்ஜின் ஓட்டுனீங்களா?"

"எங்கீங்க ஓட்டறது. தண்ணி இருந்தாத்தான ஓட்டறதுக்கு."

முகத்தில் ஒரு சலனம் இருக்காது. அவன் டேப்பைச் சுருட்டியபடி உச்சுக்கொட்டுவான். அவன் போன பிறகு அவள் கிணற்றங்கரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொள்வாள். ஒரு தடவைகூட அவளை அளந்தவர்கள் ஏமாந்ததில்லை. இப்போதுதான் முதல் தடவையாக ஏமாறுகிறார்கள். அந்தச் சுகம் லேசானதா? இரண்டு வருஷம் அதை மாசா மாசம் அனுபவித்தாள்.

எழுபத்து நாலில் பேங்கில் மனுக் கொடுத்தார்கள். ஆனி மாசம் ஒரு நாள் பேங்க் ஆளும், நீர் ஆபீசின் பெரிய அதிகாரியும், கூடவே கிருஷ்ணப்பனும் ஜீப்பில் வந்தார்கள். கோவிந்தன் நிலத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். தங்கம்மாள் நிறைமாச வயிற்றோடு எல்லோருக்கும் மோர் எடுத்து வந்தாள். ராணியம்மாள் தள்ளி நின்று, யார் யாரோடு ரகசியம் பேசுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி மோரைக் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இங்க கிணறு வெட்டக் கடன் கொடுக்க நாங்க சிபாரிசு பண்ண முடியாதுங்க. இந்தப் பக்கம் தண்ணீர் ரொம்ப வேகமா இறங்கிக்கிட்டு இருக்கு. அந்த ரோட்டோரக் கிணத்துல ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். இதுக்கு மேல ஒரு கிணறு வந்தா இருக்கறதும் போயிடும். புதுக் கிணத்துல தண்ணி வராம, கடனைக் கட்ட முடியாம, நிலத்தையும் விடணும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

 கோவிந்தன் குனிந்து ஒரு கல்லை எடுத்து ஓடைப் பக்கம் எறிந்தான். தங்கம்மாள் தாயைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றம் சொல்வது ஒன்றுமில்லை, அவளுக்குத்தான் எதுவும் தெரியாதே. அம்மா ஏதாவது செய்வாள் என்கிற பார்வை அது.  ரோட்டோரக் கிணறு என்றால் ராணியம்மாளின் கிணறு. இரண்டு வருஷமாக யாரை ஏமாற்றினோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"சார்" என்று முன்னால் வந்தாள். "அந்தக் கெணத்துல தண்ணி இருக்குதுங்க. நீங்க அளக்கறதுக்கு முந்தின நாளு நான் வத்த எறைச்சு வெச்சுருவனுங்க. ஒவ்வொரு மாசமும்."

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேங்க் ஆளைப் பார்த்துச் சிரித்தார்.

"கடன் இல்லைன்னதும் எல்லா ஊர்லயும் ஏதாவது ஒரு கதை சொல்றாங்க. இது புதுசா இருக்கு."

"கதையில்லீங்க. ரயிலுக்குத் தண்ணி எடுத்துருவீங்கன்னு பயந்து எறைச்சனுங்க."

"ரயிலுக்கா?" அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். பேங்க் ஆளும் சிரித்தார்.

ஆயுசெல்லாம் ஒருத்தரையும் நம்பாதவள் அன்றைக்கு நிஜத்தைச் சொன்னாள். அவளை நம்ப ஒருத்தர் இல்லை. அவளுக்கு முகம் சிவந்துபோயிற்று. சிரிக்காமல் நின்றது கிருஷ்ணப்பன் ஒருவன்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. டீசல் வாசனை, இன்ஜின் அடியில் புது எண்ணெய்க் கறை, திங்கட்கிழமை பாய்ச்சின கரும்பு வயலின் ஈரம், எல்லாம் அவன் கண்ணில் பட்டிருந்தவைதான். ஒரு விதவை பொய் சொல்வாள் என்று அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"ரெண்டு வருசமா ஒவ்வொரு தடவையும் கேட்டனே ஆத்தா" என்றான். அதட்டியிருந்தால் அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ராணியம்மாள் விடுவிடு என்று வீட்டுக்கு நடந்தாள். திரும்பி வந்தபோது கையில் இன்ஜின் ஹேண்டில் இருந்தது. இரும்பில் வளைத்த கனமான சாமான். அதை மாட்டிச் சுற்றினால்தான் இன்ஜின் ஓடும். நிலத்தின் பத்திரத்தைக்கூட அவள் பெட்டியில் வைத்துவிட்டுத் தூங்குவாள். இந்த ஹேண்டிலை மட்டும் தலைமாட்டில்தான் வைத்துப் படுப்பாள்.

"இத எடுத்துக்கிட்டுப் போங்க. இது இல்லாம இன்ஜின் ஓடாது. அடுத்த தடவை வந்து அளந்து பாருங்க. அப்ப நான் சொன்னது நெசமா பொய்யான்னு தெரியும்."

"கரும்பு காஞ்சிரும் ஆத்தா."

"காயட்டும்."

அதிகாரி தோளைக் குலுக்கிவிட்டு ஜீப்பில் ஏறினார். கிருஷ்ணப்பன் ஹேண்டிலைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டான்.

அந்த ஒரு மாசம் அவள் பட்ட பாடு சொல்லி முடியாது. பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குப் போக வேண்டிய கரும்பு தோகை சுருண்டு பழுத்தது. மாரப்பன் வரப்பில் நின்று, "என்ன அண்ணி, இன்ஜின் சத்தத்தையே காணோம்?" என்று குசலம் விசாரித்தான். அவள் பகலெல்லாம் கிணற்றங்கரையிலேயே பழியாகக் கிடந்தாள். குடிதண்ணீருக்கு வந்த பெண்களைக் குடத்துக்குக் குடம் முறைத்தாள். நஞ்சம்மாள் என்கிற பக்கத்து வீட்டுக்காரி இரண்டாவது குடம் எடுத்தபோது, "உங்க வூட்டுல என்ன, யானை கட்டி வெச்சிருக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். தாவூது பாய் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார்.

"அக்கா, அன்னைக்கி நான் சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேன். அத நம்பியா இப்படிப் பண்ணீங்க?"

"உங்க ஒருத்தர் பேச்சத்தான் பாய் நம்புனேன்" என்றாள் அவள். பாய் அன்றைக்கு டீயைக்கூடக் குடிக்காமல் போனார்.

ஆடிப் பதினெட்டும் அந்த மாசத்திலேயே வந்தது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவள் விடாமல் செய்கிற வழக்கம் ஒன்று உண்டு. அன்றைக்குக் கிணற்றில் இறங்கி, தண்ணீர் தொடுகிற படியில் சுண்ணாம்பும் காவியும் மாற்றி மாற்றிப் பட்டையடித்து, மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு விளக்கேற்றுவாள். தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படிக்குப் பூசை. வேறு கணக்கு அதில் கிடையாது. அந்த வருஷமும் சாமான்களை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இறைக்காமல் விட்ட கிணறு மேலே வந்திருக்கிறது என்ற தெம்பு மனசில் இருந்தது. வந்தும் இருந்தது. தண்ணீரில் கையை விட்டு ஒரு வாய் குடித்தாள். இன்னும் அளக்க வரவில்லையே என்று அண்ணாந்து பார்த்தாள்.

அப்போதுதான் படிகள் கண்ணில் பட்டன. கீழேயிருந்து மேலே வரை, ஒவ்வொன்றிலும் அவள் கையால் அடித்த பட்டைகள். போன வருஷத்தது ஒரு படி மேலே, பளிச்சென்று. அதற்கும் முந்தினவை இன்னும் மேலே, கொஞ்சம் மங்கி. புருஷன் செத்த வருஷத்தில் அடித்தது, மழை படாத கல்லிடுக்கில் லேசாகத் தெரிந்தது. புதுப்பெண்ணாக வந்து அடித்தது எது என்று தேடினாள். அந்தப் படியில் புல் முளைத்து ஓணான் உட்கார்ந்திருந்தது.

வருஷா வருஷம் தண்ணீர் நின்ற இடத்துக்குத்தான் பூசை செய்தாள். நேற்று எங்கே நின்றது என்று ஒரு வருஷமும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஒரு மாசம் ஒரு சொட்டு இறைக்காமல் விட்டும் கிணறு இவ்வளவுதான் ஏறியிருக்கிறது. அவள் பொய்யென்று நினைத்துக் காட்டிய பள்ளத்தில் பாதி, நிஜமான பள்ளம். சுண்ணாம்புக் குச்சியைக் கையில் பிடித்தபடி படியில் உட்கார்ந்து அழுதாள். தன்னைத் தவிர வேறு யார்மேலும் சந்தேகப்பட முடியாமல் அவள் அழுதது அன்றைக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை கிருஷ்ணப்பன் வந்து டேப்பை விட்டான். நனைந்த சாக்பீஸைப் பார்த்தான். "நீங்க சொன்னது நெசந்தாங்க ஆத்தா. நல்லா ஏறியிருக்குது" என்றான். கொஞ்சம் தயங்கினான். "ஆனா..."

"தெரியும். வாங்க காட்டறேன்."

அவனைப் படியிறங்கக் கூட்டிப்போய்ப் பட்டைகளைக் காட்டினாள். அவன் படிகளை ஒவ்வொன்றாக எண்ணினான். மேலே வந்த பிறகு, புதுக் கிணற்றுக்கு இப்போது கடன் வராது என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். ஆனால் வறட்சிப் பகுதித் திட்டத்தில் ஓடைக்குக் குறுக்கே கரை போட்டுக் குட்டை வெட்டுகிறார்கள், ஓடி வீணாகிற மழைத்தண்ணீரை நிறுத்தி பூமிக்குள் இறங்க வைக்கலாம், கிணறுகள் ஏறினால் அப்புறம் கடனுக்குச் சிபாரிசு செய்யலாம் என்றான். இடமும் பார்த்து வைத்திருந்தான். ஓடையோரம் ராணியம்மாளின் மேட்டு நிலத்தில் ஒரு துண்டு. அதை அவள் விட்டுக்கொடுக்க வேண்டும்.



"குட்டை வெட்டுனா எம் பொண்ணு நெலத்துக்கு ஊத்து வருமா?"

"தெரியலீங்க ஆத்தா."

"தெரியலீங்கறீங்க?"

"அடியில பாறை எப்படி வெடிச்சிருக்குதோ அப்படித்தான் தண்ணி போவும். தங்கம்மா நெலத்துக்கும் வரலாம். மாரப்பன் கெணத்துக்குப் போனாலும் போவும். மேல நின்னுக்கிட்டு என்னால சொல்ல முடியாது."

சர்க்கார் சம்பளம் வாங்குகிற ஒருத்தன் தெரியாது என்று சொல்லி அவள் கேட்டது அதுவே முதல் தடவை. எல்லாம் தெரிந்தவர்களிடம்தான் அவள் இதுவரை நிலத்தை இழந்திருந்தாள். "அந்த ஹேண்டிலக் குடுங்க" என்றாள். துண்டிலிருந்து பிரித்துக் கொடுத்தான். "சரி. அளக்கச் சொல்லுங்க."

சர்வேயர் சங்கிலியோடு வந்த அன்றைக்கு மாரப்பன் வரப்பில் குந்தி வேடிக்கை பார்த்தான். அண்ணி இப்போது ஆடுவாள் ஒரு ஆட்டம் என்று எதிர்பார்த்தான். ராணியம்மாள் சங்கிலியின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டாள். சர்வேயர் முளைக்குச்சி அடித்த இடத்தைப் பார்த்து, "கரை இவ்வளவு ஒடுங்கலா இருந்தா நிக்குமாங்க? இன்னும் ரெண்டு கெஜம் இந்தாண்ட தள்ளுங்க" என்றாள். குச்சி அவள் நிலத்துக்குள் தள்ளிப் போயிற்று. மாரப்பன் வாயிலிருந்த புகையிலையைத் துப்ப மறந்தான்.

குட்டை வேலையில் கோவிந்தனுக்கும் கூலி கிடைத்தது. அந்த வருஷம் அவன் பெங்களூர் போகவில்லை. கூடையில் மண் சுமந்தவர்களில் பாதிப் பேருக்குத் தண்ணீர் நிற்கும் என்ற நம்பிக்கை இல்லை, ராணியம்மாளுக்கும் இல்லை. ஆனாலும் தினமும் போய்க் கரையை மிதித்துப் பார்த்துவிட்டு வருவாள்.

மறு ஐப்பசியில் மழை கொட்டியது. குட்டை நிறைந்தது. தை மாசத்துக்குள் ஊற்று ஏறியது, மாரப்பன் கிணற்றில். ராணியம்மாளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் இருக்க அவள் என்ன தெய்வமா? அவள் நிலத்தில் நின்ற தண்ணீர், நாலு கெஜம் திருடினவன் கிணற்றில். கிருஷ்ணப்பன் வந்ததும் அவனை மடக்கினாள்.

"அவன் கெணத்துலயும் ஒரு நம்பர் போடுங்க."

"அதத்தாங்க சொல்ல வந்தேன். குட்டைக்குப் பக்கத்துக் கெணறு அது. அங்க ஏறறத வெச்சுத்தான் தங்கம்மா மனுவுக்குப் பதில் சொல்லுவாங்க."

"அப்பிடீன்னா செவ்வாக்கெழமை போவாதீங்க. என்னைக்காவது திடீர்னு போங்க. தங்கத்துக்குக் கெணறு வரக்கூடாதுன்னு அவன் முந்தின நாளே எறைச்சு வெப்பான், பாத்துக்கங்க."

மாரப்பன் அப்படிச் செய்திருப்பானா, மாட்டானா, தெரியாது. செய்ய வழியில்லை. அவன் இன்ஜின் எப்போது முடுக்கினாலும் வேலிக்கு இந்தப் பக்கம் ராணியம்மாள் நிற்பாள். "எத்தன நேரமா ஓட்டறீங்க கொழுந்தனாரே, போதுமே" என்பாள். அவனும் எரிச்சலோடு நிறுத்துவான். ஒருவிதத்தில், மல்லன்கொட்டாயில் யார் எவ்வளவு இறைக்கிறார்கள் என்பதைச் சர்க்காரைவிட அவள் சந்தேகம்தான் கட்டுக்குள் வைத்திருந்தது.

எழுபத்தேழில் கடன் வந்தது. கோவிந்தன் நிலத்தில் வெட்டத் தொடங்கி, பாறையைத் தகர்த்து, மாசிக் கடைசியில் வடமேற்கு மூலையில் ஒரு வெடிப்பிலிருந்து தண்ணீர் பீறியது. ஊரே கூடிவிட்டது. தங்கம்மாளின் இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. கோவிந்தன் சேற்றோடு மேலே ஏறி வந்து, என்ன பேசுவதென்று தெரியாமல் மாமியார் காலில் விழுந்தான்.

ராணியம்மாள் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பாறையை மூடிக்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுவாள் என்று பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். மகளை அருகில் கூப்பிட்டு, மாரப்பன் காதில் விழாதபடி மெள்ளச் சொன்னாள்.

"நல்லாக் கேட்டுக்க. கிருஷ்ணப்பன் செவ்வாக்கெழமை வந்து இதையும் அளக்கும். முந்தின நாளு மட்டும் எறைச்சுராத."